சூடு எங்கே தடைபடுகிறது? அறிகுறியை வைத்து வெப்பக் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழிமுறை

பாத்திரம் நடுவில் மட்டும் கருகுகிறது. லேப்டாப் தொட முடியாத அளவு சூடாகிறது. ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடியும் உள்ளே குளிரவில்லை. பார்க்க ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கோளாறுகள்தான், ஆனால் இவற்றைத் தேடிப் பிடிக்கும் முறை ஒன்றே. வெப்பம் தானாகப் போகும்போது எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். போகிற வழியில் எங்கே தடை அதிகமோ அந்த இடத்தில் வெப்பநிலை சட்டென்று இறங்கும்: தடைக்கு முன்னால் இருப்பது அளவுக்கு மீறிச் சூடாக இருக்கும், பின்னால் இருப்பது எதிர்பார்த்த அளவு சூடாகியிருக்காது. அந்த ஓர் இடத்தைச் சரிசெய்தால் போதும். அதை விட்டுவிட்டு மற்ற இடங்களில் எவ்வளவு செலவு செய்தாலும் பெரிய மாற்றம் வராது.

தடையின் அளவைப் புரிந்துகொள்ளச் சில எண்கள் கைவசம் இருக்கட்டும். ஒரு மீட்டர் தடிமனுக்கு ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் போகும் என்பதுதான் வெப்பக் கடத்தும் திறன். செம்புக்கு அது சுமார் 400, அலுமினியத்துக்கு 200-க்கு மேல், வார்ப்பிரும்புக்கு 50, துருப்பிடிக்காத எஃகுக்கு 15, கண்ணாடிக்கு 1, தண்ணீருக்கு 0.6. அசையாத காற்றுக்கு வெறும் 0.026. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கடைசி எண்தான் காரணம். வேண்டாத இடத்தில் காற்று புகுந்துகொண்டிருக்கும், அல்லது அசைய வேண்டிய காற்று அசையாமல் நின்றிருக்கும்.

(இங்கே வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.)

அளக்கும்போது ஏமாறாமல் இருக்க

கையால் தொட்டுப் பார்ப்பதை முழுக்க நம்ப வேண்டாம். ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் இருக்கும் இரும்பும் மரமும் தொட்டால் வேறுவேறாகத்தான் தெரியும். விரலிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாக உறிஞ்சப்படுகிறது என்பதைத்தான் தோல் உணர்கிறது, பொருளின் வெப்பநிலையை அல்ல.

தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் இந்த வேலைக்கு நல்ல துணை. ஆனால் பளபளக்கும் உலோகத்தின் மேல் காட்டினால் அது தவறாகக் காட்டும். மெருகேற்றிய உலோகம் தானாக மிகக் குறைவாகவே கதிர்வீசும், சுற்றியுள்ள பொருள்களின் கதிர்வீச்சைப் பிரதிபலிக்கும். உண்மையான வெப்பநிலையில் பாதிக்கும் குறைவாகக்கூட அது காட்டிவிடலாம். உலோகத்தின் மேல் ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, இரண்டு நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளவெடுங்கள். சாதாரண டேப் 80 டிகிரி வரைதான் தாங்கும், அடுப்பில் இருக்கும் பாத்திரத்துக்கு இது வேண்டாம். கருவியில் 12:1 என்று போட்டிருந்தால், 60 செ.மீ. தள்ளி நின்று பார்க்கும்போது அது 5 செ.மீ. அகல வட்டத்தின் சராசரியைத்தான் சொல்கிறது. சின்ன இடத்தை அளக்கக் கிட்டே போக வேண்டும்.

லேப்டாப் சூடாகி மெதுவாகிறது

வெப்பம் போகும் பாதை: சிப், அதன் மேல் தெர்மல் பேஸ்ட், செம்புத் தகடு, ஹீட் பைப், மெல்லிய தகடுகள் அடுக்கிய ஃபின், கடைசியாக ஃபேன் தள்ளும் காற்று. பெரும்பாலான சிப்புகள் 95 முதல் 100 டிகிரியை நெருங்கியதும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் மந்தம் அதுதான்.

திறப்பதற்கு முன்பே தடை எங்கே என்று சொல்லிவிட முடியும். வெப்பநிலை காட்டும் ஏதாவது ஒரு மென்பொருளைத் திறந்து வைத்து, 15 நிமிடம் எந்த வேலையும் கொடுக்காமல் விடுங்கள். பிறகு முழுப் பளுவும் ஏற்றி, முதல் சில நொடிகளைக் கவனியுங்கள். கூடவே காற்று வெளிவரும் துவாரத்தில் கையை வையுங்கள்.

சில நொடிகளிலேயே 90-ஐத் தாண்டுகிறது, ஆனால் வெளிவரும் காற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால், சிப்பின் வெப்பம் ஃபினுக்கு வந்து சேரவே இல்லை. பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட் சிங்க் (செம்புத் தகடு, ஹீட் பைப், ஃபின் சேர்ந்த தொகுதி) திருகு தளர்ந்திருக்கும், அபூர்வமாக ஹீட் பைப் கெட்டிருக்கும். ஃபேனைச் சுத்தம் செய்து பயனில்லை.

வெப்பநிலை நிதானமாக, சில நிமிடங்களில் ஏறுகிறது, வெளிவரும் காற்று சுடுகிறது, ஆனால் மூச்சு விடுவதுபோல் பலவீனமாக வருகிறது என்றால், வெப்பம் ஃபின் வரை ஒழுங்காக வந்துவிட்டது, அதை அள்ளிச் செல்லக் காற்று போதவில்லை. ஃபேனுக்கும் ஃபினுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் இது போகாது. லேப்டாப்பை அணைத்து, திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஃபேனின் இறக்கை சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். இறக்கையைப் பிடிக்காமல் ஊதினால் அது அளவுமீறிய வேகத்தில் சுற்றி பேரிங் கெடும். தூசி பாளமாக இருந்தால் ஃபேனைத் தனியாகக் கழற்றி, பிரஷால் எடுப்பதுதான் முழுமையான வழி.

பேஸ்ட் மாற்றுவதாக இருந்தால், ஹீட் சிங்கின் திருகுகளைத் தகட்டில் போட்டிருக்கும் எண்ணின் தலைகீழ் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பழைய பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரண்டு பக்கமும் துடைத்தெடுங்கள். புதியதைச் சிப்பின் முகம் முழுதும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். அதிகம் போட்டால் நன்றாகக் குளிரும் என்று நினைப்பது தவறு. பேஸ்ட்டின் கடத்தும் திறன் பெரும்பாலும் 10-க்குள்தான், செம்போடு ஒப்பிட்டால் அதுவே ஒரு தடை. இரண்டு உலோகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் நிற்கும் காற்றை வெளியேற்றுவது மட்டும்தான் அதன் வேலை. திருகும்போது எண் வரிசையில், எண் இல்லையென்றால் எதிரெதிர் மூலையாக, பாதி பாதியாக இறுக்குங்கள். பக்கத்து மெமரி சிப்புகளின் மேல் மெத்தென்ற பட்டை இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பேஸ்ட் தடவாதீர்கள். அங்கே இடைவெளி பெரிது, பேஸ்ட் அதை நிரப்பாது.

எல்லாம் செய்த பிறகும் கோடையில் மட்டும் சூடாகிறது என்றால், அறை வெப்பநிலையைக் கழித்துப் பாருங்கள். அறை 10 டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். அது கோளாறில்லை. மெத்தையின் மேல் வைத்து வேலை செய்வது மட்டும் எந்தப் பருவத்திலும் கூடாது, அடிப்பக்கத்துக் காற்று நுழையும் வழி முழுதும் அடைபட்டுவிடும்.

ஃபிரிட்ஜ் ஓடுகிறது, குளிர்ச்சி இல்லை

முதலில் நிஜமாகவே குளிர்ச்சி இல்லையா என்று உறுதி செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 3 முதல் 5 டிகிரி இருந்தால் ஃபிரிட்ஜ் நன்றாக இருக்கிறது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருக்கும் காற்று மாறிவிடும் என்பதால், காற்றின் அளவை நம்ப முடியாது. ஃபிரீசரில் மைனஸ் 18 இருக்க வேண்டும்.

இரண்டு அறையும் குளிரவில்லை, கம்பிரசர் நிற்காமல் ஓடுகிறது என்றால், உள்ளிருந்து எடுத்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் இருக்கலாம். பின்புறமோ அடியிலோ உள்ள கண்டென்சர் குழாயில் தூசி படிந்திருந்தால் பிளக்கை உருவிவிட்டு பிரஷ், வாக்குவம் கொண்டு சுத்தம் செய்யுங்கள். சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே, மாடலைப் பொறுத்து, 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். பல மாடல்களில் கண்டென்சர் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. அவற்றில் பக்கச் சுவர் சூடாக இருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து ஆளைக் கூப்பிட வேண்டாம், அதை ஒட்டி அட்டைப்பெட்டி அடுக்கவும் வேண்டாம்.

அடுத்து கதவு ரப்பர். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். கொஞ்சம் பிடித்துப் பிடித்து வர வேண்டும். நாலு பக்கமும், முக்கியமாகக் கீல் பக்கம், இதைச் செய்யுங்கள். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் ரப்பரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி இளக்கினால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வரும். இந்த இடுக்கு வழியாக வரும் சூட்டைவிட, கூடவே வரும் ஈரப்பதம்தான் பெரிய தொல்லை. ஈரம் உள்ளே உறைபனியாகி, குளிர்விக்கும் சுருள்குழாயான காயிலையே (coil) மூடிவிடும்.

ஃபிரீசர் நன்றாக இருக்கிறது, கீழறை மட்டும் வெதுவெதுப்பு என்றால் கதையே வேறு. தானாகப் பனி நீக்கும் மாடல்களில் குளிர் உண்டாவது ஃபிரீசர் பக்கம் மட்டும்தான். அங்கிருந்து ஒரு சின்ன ஃபேன் குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளுகிறது. அந்தக் காற்றுப்பாதை அடைபட்டிருக்கிறது. துவாரத்தின் முன்னால் பாத்திரம் மறைத்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் குளிர்விக்கும் அந்தச் சுருள்குழாய் பனிக்கட்டியால் மூடியிருக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, பிளக்கை உருவி, கதவுகளைத் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். கத்தியால் பனியைக் குத்தக் கூடாது, குழாய் ஓட்டையானால் உள்ளே சுற்றும் குளிர்விக்கும் வாயு முழுதும் போய்விடும்.

இதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் விடை. நன்றாகக் குளிர்ந்து, ஓரிரு வாரத்தில் மறுபடியும் கீழறை சூடானால், பனி நீக்கும் ஹீட்டர், அதன் சென்சார், அல்லது கட்டுப்பாட்டுப் பலகையில் கோளாறு. இதற்கு வாயு நிரப்புவது வீண். வாயு தானாகத் தீராது, மூடிய குழாயில் சுற்றிக்கொண்டே இருப்பது அது. குறைந்தால் கசிவு இருக்கிறது என்றுதான் பொருள், கசிவை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் போகும். வாயு குறைந்ததற்கு ஓர் அடையாளம் உண்டு: பின்பலகையைக் கழற்றினால், சுருள்குழாய் முழுதும் சீராகப் பனி படியாமல், வாயு நுழையும் முனையில் மட்டும் படிந்திருக்கும். பலகையைக் கழற்றப்போகும் மெக்கானிக்கிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சூடான பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே வைப்பதும் ஒரு காரணம். கெட்டியான உணவில் வெப்பம் நடுவிலிருந்து கடத்தலால் மட்டுமே வெளியேறும், அதற்கு ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு. 20 செ.மீ. ஆழமான பாத்திரத்தை 5 செ.மீ. ஆழமுள்ள அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றினால் பல மணி நேரம் மிச்சமாகும், கிருமி பெருகவும் இடமிருக்காது.

பாத்திரம் ஓரிடத்தில் மட்டும் கருகுகிறது

காய்ந்த பாத்திரத்தில் மாவைச் சீராக, காகிதத் தடிமனுக்குத் தூவி, மிதமான தீயில் வையுங்கள். எங்கே முதலில் பழுப்பாகிறதோ அதுதான் சூட்டின் வரைபடம். தீயின் வடிவத்திலேயே ஒரு பழுப்பு வளையம் விழுந்து, அதைத் தாண்டி மாவு வெள்ளையாகவே இருந்தால், அடிப்பாகத்தில் வெப்பம் பக்கவாட்டில் பரவவில்லை. மெல்லிய துருப்பிடிக்காத எஃகில் இதுதான் நடக்கும். நடுவில் அலுமினியமோ செம்போ வைத்து ஒட்டிய தடித்த அடி தேவை. அதுவரை தீயைக் குறைத்து, சூடேற அதிக நேரம் கொடுங்கள்.

மின்சாரத் தட்டின் மேல் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சூடாகிறது என்றால், அடி வளைந்திருக்கும். பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் ஒரு ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சம் ஊடுருவுகிறதா பாருங்கள். கடத்தலை மட்டும் கணக்கிட்டால், அரை மில்லிமீட்டர் காற்றிடைவெளி தரும் தடை சுமார் 30 செ.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக்குச் சமம். கேஸ் அடுப்பில் இந்த வளைவு பொருட்டே இல்லை. அங்கே சூடான வாயு எந்த வடிவத்தையும் தழுவிச் செல்லும். சூடான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதுதான் அடி வளைவதற்குப் பெரும்பாலும் காரணம்.

நீர்த்த திரவம் கருகாமல், கெட்டியானது மட்டும் அடிபிடித்தால் பாத்திரத்தின் மேல் பழியில்லை. தண்ணீரில் சூடான பகுதி மேலெழும்பி, குளிர்ந்தது கீழிறங்கும். கெட்டியான திரவத்தில் அந்தச் சலனம் நின்றுவிடும், அடிப்படலம் அங்கேயே கிடந்து 100 டிகிரியைத் தாண்டும். கரண்டியால் அடியைச் சுரண்டிக் கிளறினால்தான் அந்தச் சலனம் நடக்கும்.

கீசரில் தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கிறது

சரியான நேரத்தை நீங்களே கணக்கிடலாம்: லிட்டரை, ஏற வேண்டிய டிகிரியால் பெருக்கி, 0.07 ஆல் பெருக்கி, ஹீட்டரின் கிலோவாட்டால் வகுத்தால் நிமிடம் கிடைக்கும். 15 லிட்டரை 25-லிருந்து 60-க்குக் கொண்டுவர 2 கிலோவாட் ஹீட்டருக்குச் சுமார் 18 நிமிடம். உங்களுடையது 20 எடுத்தால் கோளாறே இல்லை. இரட்டிப்பு நேரம் எடுத்தால், இரண்டு எலிமென்ட் (சூடேற்றும் கம்பி) உள்ள கீசரில் ஒன்று போயிருக்கலாம், அல்லது மின்னழுத்தம் குறைவு. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் சூடேற்றும் திறன் 19 சதவீதம் குறையும், வர்க்கத்தில் போவதால்.

உப்புப் படிவுதான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் எலிமென்ட்டின் வெப்பம் வேறெங்கும் போக முடியாது. படிவு இருந்தாலும் கடைசியில் அது தண்ணீருக்குத்தான் வந்தாக வேண்டும், நேரம் பெரிதாக மாறாது. மாறுவது எலிமென்ட்டின் சொந்த வெப்பநிலை. படிவைத் தாண்டி வெப்பத்தைத் தள்ள அது இன்னும் சூடாகி, கடைசியில் எரிந்துபோகும். கேஸ் கீசரில் நிலைமை வேறு: படிவு தடுக்கும் வெப்பம் புகையோடு வெளியே போய்விடும், அதனால் எரிவாயு நிஜமாகவே வீணாகும்.

சூடேறும்போது பொரிகிற சத்தம் கேட்டால் படிவு இருக்கிறது. கெட்டிலில் இதை எளிதாக எடுக்கலாம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 20 முதல் 30 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, 60 டிகிரிவரை சூடாக்கி, அணைத்து, அரை மணி நேரம் விட்டு, இரண்டு முறை அலசுங்கள். கீசரை மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். பழக்கமில்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஃப்ளாஸ்க்கில் சூடு நிற்கவில்லை

ஜேம்ஸ் டீவார் 1892-இல் உருவாக்கிய அதே அமைப்புதான் இன்றும்: இரண்டு சுவர், நடுவே வெற்றிடம், கதிர்வீச்சைத் திருப்பியனுப்பப் பளபளக்கும் பரப்பு. கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, 10 நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தடவிப் பாருங்கள். எங்கேயாவது வெதுவெதுப்பாக இருந்தால் வெற்றிடத்துக்குள் காற்று புகுந்துவிட்டது, வீட்டில் சரிசெய்ய வழியில்லை. சுவர் குளிர்ந்து, கழுத்தும் மூடியும் மட்டும் சூடாக இருந்தால் ஃப்ளாஸ்க் நல்லதுதான். மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் 5 நிமிடம் வெந்நீர் ஊற்றி உட்சுவரைச் சூடாக்குவதும், பாதியாக இல்லாமல் நிரப்பி வைப்பதும் கண்கூடாக வித்தியாசம் காட்டும்.

மேல்மாடி அறை இரவிலும் வேகிறது

வெளியே குளிர்ந்த பிறகும் உள்ளே வேகிறது என்றால் கூரையை அளந்து பாருங்கள். கூரையின் அடிப்பக்கம், அறையின் உட்சுவர் இரண்டையும் இரவு 9 மணிக்கு அளவெடுங்கள். கூரை 38, சுவர் 32 என்பதுபோல் வித்தியாசம் வந்தால், கூரை உங்கள் மேல் கதிர்வீசிக்கொண்டிருக்கிறது. 15 செ.மீ. கான்கிரீட்டின் ஊடே பகல் வெயில் உள்ளே வந்துசேர நாலைந்து மணி நேரம் ஆகும், அதனால்தான் மாலையும் இரவும் மோசம். ஃபேனை வேகமாக வைத்தால் கதிர்வீச்சு குறையாது. ஃபேன் செய்வது வியர்வையை ஆவியாக்குவதுதான்.

முதலில் செய்ய வேண்டியது கூரையின் மேற்பக்கம் வெள்ளை எதிரொளிப்புப் பூச்சு. வெயில் உள்ளேறுவதற்கு முன்பே திரும்பிப் போகும். அடுத்தது, மேற்பக்கமே 5 செ.மீ. காப்பு நுரைப்பலகை, அதன் மேல் நீர்க்காப்பும் தளமும். அந்த 5 செ.மீ. நுரையின் தடை 15 செ.மீ. கான்கிரீட்டின் தடையைப்போல் பத்து மடங்குக்கு மேல். உள்ளே ஃபால்ஸ் சீலிங்கில் அலுமினியத் தாள் போடுவதாக இருந்தால், தாளின் பளபளக்கும் முகத்துக்கு எதிரே குறைந்தது 2 செ.மீ. காற்றிடைவெளி விடுங்கள். இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தி ஒட்டிய தாள் வெறும் அலுமினியம், வெப்பத்தை நன்றாகக் கடத்தும். இது அடிக்கடி நடக்கும் தவறு, பணம் முழுதும் வீண்.

ஜன்னல் வழியாக நேர் வெயில் விழுந்தால் மறைப்பை வெளியே போடுங்கள். நேர் வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1000 வாட் வரை வரும், சாதாரணக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். உள்ளே தொங்கும் திரை சூடானால் அந்தச் சூடு அறைக்குள்தானே இருக்கிறது?

சுவர் மூலையில் ஈரமும் பூஞ்சையும்

குழாய்க் கசிவு இல்லையென்று உறுதியான பிறகு, அந்த இடத்தின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் 17 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். மூலைகளில் வெளிப்பரப்பு அதிகம், உள்ளே காற்றோட்டம் குறைவு, அதனால் சுவரின் மற்ற இடத்தைவிட அவை குளிர்ந்திருக்கும். அலமாரியைச் சுவரை விட்டு 5 செ.மீ. நகர்த்துங்கள், ஈரக் காற்றை வெளியேற்றுங்கள். பூச்சை மட்டும் மாற்றினால் பூஞ்சை திரும்ப வரும்.

பிளக் சூடாகிறது

இது மற்றவற்றோடு சேராது. இங்கே வெப்பம் போகும் பாதையில் தடையில்லை, உண்டாகக்கூடாத இடத்தில் வெப்பம் உண்டாகிறது. தளர்ந்த தொடர்பில் மின்தடை கூடும். அங்கே உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். சூடானதால் ஸ்பிரிங் இன்னும் தளர்ந்து, அதனால் இன்னும் சூடாகும். குளிரவைக்கும் முயற்சி எதுவும் வேண்டாம். உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். கருகிய பின்னை புது சாக்கெட்டில் செருகினால் அதுவும் கெடும்.